அணைந்த உலைகள்: கல்வராயன் மலையிலிருந்து பரங்கிப்பேட்டை வரை

கைவிடப்பட்ட சுரங்கங்கள், ஆளற்றுப் போன சுரங்க நகரங்கள் என்றதும் வட அமெரிக்காவின் மலைகளும் ஆப்பிரிக்காவின் பாலைகளுமே பலருக்கு நினைவுக்கு வரும். கலிபோர்னியாவின் போடி தங்க வேட்டையால் எழுந்து, பின்னர் வெறிச்சோடிய ஊர். நமீபியாவின் கோல்மான்ஸ்கோப் வைரத்தால் செழித்து, 1950களில் முற்றிலும் கைவிடப்பட்டு, இன்று வீடுகளுக்குள் மணல் குவிந்து கிடக்கும் ஊர். தமிழகத்திலும் கைவிடப்பட்ட உலோக நிலம் ஒன்று உண்டு. கல்வராயன் மலை, கஞ்சமலை, தீர்த்தமலை, திருவண்ணாமலைக் குன்றுகள் ஆகியவற்றைச் சுற்றிய இந்த நிலம் ஒரு காலத்தில் இரும்பும் எஃகும் விளைந்த பகுதி. இங்கே ஊர்கள் அழியவில்லை; உலைகள் அணைந்தன. உலைகள் மண்ணால் ஆனவை. ஆதலால் சில மழைக்காலங்களிலேயே அவை கரைந்து போயின. எஞ்சியவை இரும்புக்கிட்டக் குவியல்களும் உடைந்த மூசைத் துண்டுகளும் மட்டுமே.

நிலமும் தாதும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களை ஒட்டி இது அமைந்துள்ளது. கள்ளக்குறிச்சிப் பகுதியில் இம்மலையின் முதன்மையான ஊர் வெள்ளிமலை. கயிலை மலைக்கும் தமிழில் வெள்ளிமலை என்ற பெயர் உண்டு. தமிழகத்தின் வேறு சில மலைகளும் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனவே பெயரைக் கண்டு இங்கே வெள்ளிச் சுரங்கத்தைத் தேட வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தின் பழைய செல்வம் இரும்பு.

இப்பகுதியின் தாது காந்தக்கல் எனப்படும் மாக்னடைட். தூய நிலையில் இதன் எடையில் ஏறக்குறைய 72 சதவீதம் இரும்பு. ஆனால் இங்குள்ள பாறைகளில் காந்தக்கல் தனியாகக் கிடைப்பதில்லை. வெண்ணிறப் படிகக்கல்லுடன் அடுக்கடுக்காகக் கலந்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகியோர் சேலம், தென்னார்க்காடு, திருச்சி, தஞ்சைப் பகுதிகளை ஆராய்ந்து 1860களில் வெளியிட்ட அறிக்கையில், இந்தக் காந்த இரும்புப் படிவுகளைக் கோதுமலை, தலைமலை–கொல்லிமலை, சிங்கபட்டி, தீர்த்தமலை, கஞ்சமலை என ஐந்து தொகுதிகளாகப் பிரித்தனர். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் இதே புரூஸ் ஃபூட்தான்.

இந்த மலைகளில் ஆழ்சுரங்கம் தோண்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. சரிவுகளில் உடைந்து கிடந்த கற்களையும், மழைநீர் அரித்து ஓடைகளில் சேர்த்த கருமணலையும் பொறுக்கியெடுத்தாலே ஊர் உலைகளுக்குப் போதுமானதாக இருந்தது. கோலாரில் போன்ற குழிகளும் கோபுரங்களும் இங்கே காணப்படாததற்கு இதுவே காரணம்.

மேல்சிறுவளூர்

தமிழகத்தில் இரும்பின் தொன்மை குறித்த கருத்துகள் அண்மையில் பெரிதும் மாறியுள்ளன. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளுக்குப் பொ.ஆ.மு. 4ஆம் ஆயிரமாண்டு வரையிலான காலக்கணிப்புகளைத் தந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் கணிப்பு பொ.ஆ.மு. 2172. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியின் கணிப்பு பொ.ஆ.மு. 1692. கடைசி இரண்டு இடங்களும் வடதமிழகத்தைச் சேர்ந்தவை. கல்வராயன் மலையைச் சுற்றிய நிலம் மிகப் பழைய இரும்புப் பண்பாட்டின் நடுவே இருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

எஃகு குறித்த நேரடிச் சான்று மலைக்கு மேலும் அருகில் கிடைத்தது. முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்துள்ள மேல்சிறுவளூரில், உடைந்த மூசைகளும் கிட்டமும் கொட்டிக் கிடந்த மேடு ஒன்றைத் தொல் உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்தார். மூசைத் துண்டுகளில் ஒட்டியிருந்த உலோகத் துகள்களை ஆராய்ந்து, அங்கே உயர்கரிம எஃகு செய்யப்பட்டதை 1994இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். உலோகம் உருக்கும் சிறு மண்கலமே மூசை. எஃகை வெளியே எடுக்க அதை உடைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மூசையும் ஒரே ஒரு முறைதான் பயன்படும். உடைந்த துண்டுகள் உலைக்களத்தின் ஓரத்தில் குவிந்துகொண்டே போகும். கொல்லர்கள் வேண்டாம் என்று எறிந்த அந்தக் குப்பைதான் இன்று வரலாற்று ஆவணமாக நிற்கிறது.

ஊர் உலை இயங்கிய விதம்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் வட்டாரத்தில் இயங்கிய உலைகளைப் பற்றி, அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதிய விவரணை 1839இல் அச்சானது. அதன்படி உலை நான்கைந்து அடி உயரமும், அடியில் அகன்று மேலே குறுகிய வடிவமும் கொண்டது. களிமண்ணால் சில மணி நேரத்தில் கட்டப்படுவது. காற்று ஊதும் துருத்தி ஆட்டுத்தோலால் ஆனது. அதன் முனையில் மூங்கில் குழாய். தாதின் எடையில் ஏறக்குறைய பாதி படிகக்கல். அதனால் கல்லை இடித்துப் பொடியாக்கி, புடைத்தும் நீரில் அலசியும் கனமான காந்தப் பொடியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். உலையில் மரக்கரியும் தாதுப் பொடியும் மாறி மாறி இடப்பட்டன. மூன்று நான்கு மணி நேரம் துருத்தி ஓய்வின்றி ஊதிய பின், உலையின் முன்பக்கத்தை உடைத்து இரும்புக் கட்டியை வெளியே இழுத்தார்கள்.

இந்த வெப்பத்தில் இரும்பு உருகி ஓடுவதில்லை. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். ஊர் உலை அந்த அளவை எட்டாது. எனவே தாதிலிருந்து பிரிந்த இரும்பு பஞ்சுபோல் துளைகள் நிறைந்த கட்டியாகத் திரளும். அதைச் சம்மட்டியால் மீண்டும் மீண்டும் அடித்து, உள்ளே சிக்கிய கிட்டத்தை வெளியேற்றிய பிறகுதான் பயன்படும் இரும்பு கிடைக்கும்.

எஃகு செய்வது அடுத்த கட்டம். சிறு துண்டுகளாக வெட்டிய இரும்பைக் காய்ந்த ஆவாரங் குச்சிகளோடு மூசைக்குள் இட்டு, எருக்கிலை போன்ற இலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். ஒரு மூசையில் இட்ட இரும்பு ஒரு பவுண்டு அளவே. இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். மூடிய கலத்துக்குள் ஆவாரங் குச்சி கரியாகி, அந்தக் கரிமம் இரும்பில் சேரும். கரிமம் சேரச் சேர இரும்பின் உருகுநிலை இறங்குவதால், தனியாக உருகாத இரும்பு மூசைக்குள் உருகி எஃகாகிறது. ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை கரிமம் கொண்ட இந்த எஃகைத்தான் ஐரோப்பியர் ‘உட்ஸ்’ என்று அழைத்தனர். உருக்கு, உக்கு ஆகிய தென்னிந்தியச் சொற்களோடு இப்பெயரை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகின்றனர்.

இந்தியாவிலிருந்து 1794இல் லண்டனுக்கு அனுப்பப்பட்ட உட்ஸ் மாதிரிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் அறிவியல் கட்டுரை வெளியிட்டார். கத்தி உற்பத்தியாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே எஃகின் தன்மையை அறியச் சோதனைகள் நடத்தினர். உலகின் முன்னணி அறிவியலாளர்கள் புரிந்துகொள்ள முயன்ற பொருளை, ஆட்டுத்தோல் துருத்தியும் ஆவாரங் குச்சியும் கொண்டு ஊர்க் கொல்லர்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஆய்ந்தவர்களின் பெயர்கள் அச்சில் உள்ளன. செய்தவர்களில் ஒருவர் பெயரும் இந்த நூல்களில் இடம்பெறவில்லை.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தா ஆறுகள் வெள்ளாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. மலையடிவாரத்துச் சிறு உலைகளுக்குப் போட்டியாக எழுந்த பெரிய இரும்பாலையும் இங்கேதான் அமைந்தது.

சேலத்தின் தாது வளத்தைக் கண்ட ஹீத், கம்பெனிப் பணியை விட்டு விலகி, இங்கிலாந்து சென்று இரும்புத் தொழிலைக் கற்றார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையையும் கம்பெனி அரசிடமிருந்து கடனுதவியையும் பெற்று, 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். கடற்கரையைத் தேர்ந்ததற்குக் காரணம் ஏற்றுமதி. இங்கே வார்த்த இரும்பு ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலுக்குக் கப்பலில் சென்றது. தாதோ உள்நாட்டில், நூறு மைலுக்கு அப்பால் கிடந்தது. அதைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரி, கொள்ளிடம் வழியாகக் கடற்கரைப் பக்கம் கொண்டுவந்தார்கள். மலபார் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது.

நிறுவனம் தொடக்கத்திலிருந்தே கடனில் மூழ்கியது. ஹீத் இங்கிலாந்து திரும்பினார். எஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் உயர்கிறது என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உற்பத்தியாளர்கள் அம்முறையைச் சற்றே மாற்றிக் கையாண்டனர். ஹீத் தொடுத்த வழக்கு அவர் இறந்த பின்னரும் நீடித்து, 1855இல் பிரபுக்கள் சபையில் அவர் தரப்புக்கு எதிராக முடிந்தது.

1853இல் கிழக்கிந்திய இரும்பு நிறுவனம் என்ற புதிய அமைப்பு பொறுப்பேற்றது. கடற்கரை உலைகளோடு, தாதுக்கும் காட்டுக்கும் அருகே திருவண்ணாமலையிலும், சேலம் பகுதியில் காவிரிக் கரையிலும் புதிய ஆலைகளை நிறுவியது. தாதை உலைக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக உலையைத் தாதுக்கு அருகே கொண்டு சென்ற இந்த முயற்சியும் நிலைக்கவில்லை. 1860களின் முடிவுக்குள் உலைகள் அணைந்தன. 1870களில் நிறுவனம் கலைக்கப்பட்டது.

பாலம் பற்றிய ஒரு செய்தி

பரங்கிப்பேட்டை, பேப்பூர் இரும்பு, வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் குறுக்கே கட்டப்பட்ட மெனாய் தொங்குபாலத்திலும் பிரிட்டானியா குழாய்ப் பாலத்திலும் பயன்பட்டது என்ற செய்தி பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மெனாய் தொங்குபாலம் திறக்கப்பட்டது 1826இல். அப்போது பரங்கிப்பேட்டை ஆலையே தொடங்கப்படவில்லை. எனவே செய்தியின் அந்தப் பகுதி உண்மையாக இருக்க முடியாது. பிரிட்டானியா பாலம் 1850இல் திறக்கப்பட்டதால் அதில் இந்த இரும்பு சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. பெருமைக்குரிய செய்திகளையும் ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மரக்கரியின் கணக்கு

தாதும் இருந்தது, திறமையும் இருந்தது, முதலீடும் வந்தது. பிறகு ஏன் உலைகள் அணைந்தன? மிகப் பெரிய காரணம் எரிபொருள்.

பழைய முறைச் சூளையில் ஒரு டன் மரக்கரி எரிக்க நான்கு முதல் ஐந்து டன் விறகு தேவை. ஒரு டன் இரும்புக்கு மூன்று டன் கரி என்று வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு முதல் பதினைந்து டன் மரம் வெட்ட வேண்டும். ஊர் உலை ஆண்டில் சில மாதங்கள் மட்டும் எரிந்தது. அதற்குச் சுற்றுப்புறப் புதர்க்காடு ஈடு கொடுத்தது. இரவும் பகலும் எரிய வேண்டிய ஊதுலைக்கு அது போதவில்லை. அருகிலுள்ள காடு தீர்ந்ததும் கரி தொலைவிலிருந்து வண்டியில் வர வேண்டியிருந்தது. கரி எளிதில் நொறுங்கும் பொருள். பாதை நீளும்போது அதன் பெரும்பகுதி தூளாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் காடு விலக, இரும்பின் விலை ஏறியது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் உலைகள் நிலக்கரிக்கு மாறியிருந்தன. அங்கே தாதும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தன. சேலம், தென்னார்க்காடு மலைகளின் அருகே நிலக்கரி இல்லை. தென்னார்க்காட்டின் நெய்வேலியில் பிற்காலத்தில் கிடைத்தது பழுப்பு நிலக்கரி. அது ஊதுலைக்கு ஏற்றதன்று.

ஊர் உலைகளின் முடிவு

பெரிய ஆலை வீழ்ந்த பின்னும் ஊர் உலைகள் சில காலம் எரிந்தன. அவற்றின் முடிவு மெதுவாக, ஓசையில்லாமல் வந்தது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரை நோக்கிச் செல்லும் ரயில் பாதை அமைந்தது. இங்கிலாந்தின் மலிவான இரும்புப் பட்டைகள் சந்தைகளில் வந்து இறங்கின. கலப்பைக் கொழுவும் வண்டிப் பட்டையும் அடிக்கும் கருமாருக்கு, உலைக்காரரின் கட்டியை வாங்கி மணிக்கணக்கில் அடிப்பதைவிட அந்தப் பட்டையை வாங்குவது லாபமாக இருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவித்து, விறகு வெட்டுவதையும் கரி சுடுவதையும் அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உட்படுத்தியது. ஒருபுறம் பொருளின் விலை சரிய, மறுபுறம் கரியின் செலவு ஏறியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாது உருக்கும் தொழில் இப்பகுதியில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இரும்பை அடித்துக் கருவியாக்கும் கொல்லுப்பட்டறை மட்டும் நீடித்தது. கல்லிலிருந்து இரும்பைப் பிரிப்பதும் இரும்பை எஃகாக்குவதும் எழுத்தில் வராத, கையால் கற்ற கல்வி. ஒரு தலைமுறை உலை மூட்டாமல் இருந்தால் போதும், அது போய்விடும். அப்படித்தான் போயிற்று.

கோலாருடன் ஓர் ஒப்பீடு

தமிழர் வரலாற்றோடு பிணைந்த மற்றொரு கைவிடப்பட்ட சுரங்கம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தனர். ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கிடைத்தது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்விழந்தன. பலர் இன்றும் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

கோலாரில் கோபுரங்களும் சயனைடு மண்மேடுகளும் எஞ்சியுள்ளன. அவற்றைவிட முக்கியமாக எழுத்தும் எஞ்சியுள்ளது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழை அவர் மறைவுக்குப் பின் 1920களில் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். அங்குள்ள சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. சுரங்கம் மூடினாலும் அந்தத் தொழிலாளர் சமூகத்தின் குரலைப் படிக்க முடிகிறது. கல்வராயன் மலையடிவாரத்து உலைக்காரர்களுக்கு அத்தகைய எழுத்து இல்லை. ஹீத்தின் விவரணையும் நிலவியலாளர்களின் அறிக்கைகளும் வெளியிலிருந்து பார்த்தவர்கள் எழுதியவை. உலைக்காரர்கள் தாமே விட்டுச்சென்றது கிட்டமும் மூசையும்தான்.

மீண்டும் தாதைத் தேடி

கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் அது கஞ்சமலைத் தாதை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த எஃகைத் துருப்பிடிக்காத தகடுகளாக உருட்டியது. 2000களில் கஞ்சமலையிலும், திருவண்ணாமலை அருகே கவுத்திமலை–வேடியப்பன்மலையிலும் இரும்புத் தாது வெட்டும் திட்டங்கள் முன்வந்தபோது, மலையைச் சுற்றிய ஊர் மக்கள் காட்டையும் நீரையும் மேய்ச்சலையும் முன்வைத்து எதிர்த்தனர்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த கேள்வியும் ஏறக்குறைய இதுவே. நிலத்தடியில் எவ்வளவு தாது உள்ளது என்பது கணக்கின் ஒரு பக்கம்; அதை எடுக்க மேலே உள்ள காட்டில் எவ்வளவு போகும் என்பது மறுபக்கம். பரங்கிப்பேட்டை ஆலை மறுபக்கத்தைக் குறைத்து மதிப்பிட்டது.

எஞ்சியவற்றை அறிதல்

பழைய உலைக்களங்களைக் கண்டறிய அடையாளங்கள் உண்டு. கிட்டம் கறுப்பாக, கனமாக, உருகி வழிந்து உறைந்த மேற்பரப்போடு இருக்கும். ஊதுகுழாயின் முனைத் துண்டுகள் ஒருபுறம் கண்ணாடிபோல் உருகியிருக்கும். மூசைத் துண்டுகள் தடித்து, கருமையாக, வெளிப்புறம் பளபளப்புப் பூச்சு ஏறியிருக்கும். தென்னிந்திய மூசைகளின் களிமண்ணில் நெல் உமி கலக்கப்பட்டதால் உடைந்த பகுதியில் அதன் தடம் தெரிவதும் உண்டு. நீரோடைக்கு அருகில், குன்றின் அடிவாரத்தில் இத்தகைய மேடுகள் அமைவது வழக்கம்.

பாறையோ குப்பையோ என்று எண்ணிச் சாலைக்கும் வயல் வரப்புக்கும் அள்ளிச் செல்லப்பட்டால் இந்த மேடுகள் ஒரே நாளில் மறைந்துவிடும். கிட்டத்தில் சிக்கிய கரித்துண்டு, உலை எரிந்த காலத்தைக் கணிக்க உதவும். ஆனால் அது கிடந்த இடத்தில், கிடந்த அடுக்கில் இருந்தால்தான் கணிப்புக்கு மதிப்பு. எனவே மாணவர்களும் மலைப்பகுதிக்குச் செல்வோரும் கிட்ட மேடுகளைக் கண்டால், எதையும் எடுக்காமல், இடத்தைக் குறித்துப் படமெடுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவிப்பது நலம். இத்தொழிலைச் செய்தவர்கள் தம் கையால் விட்டுச்சென்ற ஒரே பதிவு அந்த மேடுகளில்தான் இருக்கிறது.